பரம்பரைக் கோணல்

கடைக்கு மேலே இருந்த தகர போர்டு, காற்றடித்த ஒரு மதியத்தில் கழன்று கீழே நின்றிருந்த வண்டியின் தலையில் விழுந்தது. யாருக்கும் அடியில்லை. வண்டிக்கு மட்டும் ஒரு நெளிசல். போர்டுதான் துருப்பிடித்துப் போயிருந்ததால் பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது. ‘பரம்பரை சோபா, நாற்காலி வேலை’ என்று எழுதியிருந்ததில் உருப்படியாக மிஞ்சியது ‘பரம்பரை’ மட்டும்தான்.

“வேலை போச்சு, பரம்பரை மிஞ்சிச்சு. நம்ம வீட்டுக்குப் பொருத்தம்தான்” என்றார் மாமனார். கடை அவருடையது. முழங்கால் ஒத்துழைக்காததால் வேலை செய்யும் பெஞ்சிலிருந்து எழுந்து வாசல் நாற்காலிக்கு வந்துவிட்டவர். வாய்க்கு மட்டும் அவர் ஓய்வு கொடுக்கவில்லை.

இப்போது கடையை நடத்துவது அவருடைய மூத்த மருமகள். தெருவில் எல்லோருக்கும் அவள் ஆணி அண்ணி. சோபாவுக்குத் துணி அடிப்பவர்கள் பொடி ஆணிகளை ஒரு பிடி வாயில் போட்டுக்கொள்வார்கள். நாக்கால் ஒவ்வொன்றாக உதட்டுக்குத் தள்ளி, காந்தச் சுத்தியலில் ஒட்டி எடுத்து, பட்டென்று மரத்தில் இறக்குவார்கள். மற்றவர்கள் அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். அண்ணியால் அது முடியாது. வாய் நிறைய ஆணியோடு வாடிக்கையாளரிடம் துணி நிறத்தைப் பற்றிப் பேசுவாள், எதிர்க்கடைக்காரரை நலம் விசாரிப்பாள், வீட்டுக்காரரைத் திட்டுவாள். அப்படி வந்த பெயர்.

வீட்டுக்காரர் கடை வண்டியை ஓட்டினார். நல்ல மனிதர். ஆனால் சுத்தியலைக் கையில் கொடுத்தால் ஆணியைத் தவிர மற்ற எல்லாவற்றின் மேலும் அடிப்பார். கல்யாணமாகி வந்த புதிதில் அண்ணி பொழுது போகாமல் மாமனாரின் பெஞ்சுப் பக்கம் போய் உட்கார்ந்தாள். கயிறு எடுத்துக் கொடுத்தாள். பிறகு முடிச்சுப் போட்டாள். பிறகு, ‘நீங்க நகருங்க மாமா, நான் பார்க்கறேன்’ என்றாள். அவர் நகர்ந்துவிட்டார்.

விழுந்த போர்டுக்குப் பதில் புதிது எழுத போர்டு பெயிண்டர் வந்தார். ஏணியைச் சுவரில் சாய்த்தார், பழைய எழுத்தையே எழுதிவிடலாமா என்று கேட்டார். அண்ணி வாயில் ஆணியோடு தலையை ஆட்டினாள். அந்த நேரம் பார்த்து ஷோரூம் வந்து சேர்ந்தான்.

ஷோரூம் என்பது அண்ணியின் கொழுந்தன். மாமனாரின் இளைய மகன். ரெடிமேட் சோபா விற்கும் பெரிய கடைகளில் வேலை பார்த்தவன். எந்தப் பேச்சை எடுத்தாலும் மூன்றாவது வாக்கியத்தில் ‘நானும் ஒரு ஷோரூம் போடுவேன்’ என்று முடிப்பான். கடைசியில் போட்டேவிட்டான். அதே தெருவின் முனையில், கண்ணாடிக் கதவும் குளிர்ச்சியுமாக ஒரு கடை. திறப்பதற்கு ஒரு போர்டுதான் பாக்கி.

“அண்ணி, தப்பா நெனச்சுக்காதீங்க” என்று ஆரம்பித்தான். இப்படி ஆரம்பிக்கிறவர்கள் நாம் தப்பாக நினைக்கும்படி எதையோ சொல்லத்தான் போகிறார்கள். “அந்த ‘பரம்பரை’ங்கற வார்த்தையை நான் என் கடைக்கு எடுத்துக்கறேன்.”

அண்ணி ஆணிகளை உள்ளங்கையில் துப்பினாள். அவள் அப்படிச் செய்வது அபூர்வம். “எதுக்கு?”

“பரம்பரைன்னா என்ன? தாத்தா. அவர் புள்ளை எங்கப்பா. எங்கப்பா புள்ளை நான். வழிவழியா வர்றது. நீங்க நல்லா வேலை செய்றீங்க, யார் இல்லேன்னா? ஆனா நீங்க வீட்டுக்கு வந்தவங்க. உங்க கடை மேல அந்த வார்த்தை இருந்தா, என் கடைக்கு வர்றவன் ‘அப்ப நீ யாரு’ன்னு கேப்பான்.”

“உங்கண்ணனும் மாமாவுக்குப் புள்ளைதானே தம்பி?”

“அவன் சுத்தியல் எடுத்தா ஆஸ்பத்திரிக்குச் சொல்லி வெக்கணும்.”

வண்டிக்குள் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரர் சத்தமில்லாமல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

“சரி, உங்க பக்கத்துப் பரம்பரை என்ன, அதைச் சொல்லுங்க” என்றான் ஷோரூம்.

“எங்கப்பா பஸ் கண்டக்டர். உங்களுக்குத் தெரியாததா?”

“அப்ப ‘பரம்பரை டிக்கெட்’னு எழுதிக்கலாம்.”

பெயிண்டர் சிரித்தார். மாமனாரும் சிரித்தார். அண்ணியும் சேர்ந்து சிரித்துத்தான் வைத்தாள், ஆனால் மாமனார் சிரித்தது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. கொழுந்தன் சொல்லிவிட்டுப் போகட்டும், அவன் சின்னப் பையனாக இருந்தபோதே அப்படித்தான். இத்தனை வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே கயிற்றின் இரண்டு முனையை ஆளுக்கொன்றாகப் பிடித்து இழுத்த மனிதர் சிரிக்கலாமா? அந்த வார்த்தைக்குக் கீழே தினமும் கதவைத் திறக்கும்போது அது தன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறது என்று அவள் நினைத்திருந்தாள். அதைக் கழற்றிக் கொண்டுபோனால் வெறும் சோபா வேலை மிஞ்சும். கூலிக்கு வந்தவள் செய்கிற வேலை. இதை எல்லாம் அவள் வாயைத் திறந்து சொல்லவில்லை. ஆணிகளை மறுபடி வாயில் போட்டுக்கொண்டாள்.

“ரெண்டு கடைக்கும் எழுதிடறேனே” என்று யாராவது சொல்லியிருந்தால் தகராறு அங்கேயே முடிந்திருக்கும். பெயிண்டர் சொல்ல மாட்டார். ஒரே தெருவில் இரண்டு கடைக்கு ஒரே வார்த்தையை எழுதுவதில்லை என்பது அவர் தொழில் தர்மம். முன்பு ஒருமுறை அப்படி எழுதியதற்கு இரண்டு கடைக்காரர்களும் அவரைத்தான் பிடித்துக்கொண்டார்களாம்.

“நான் எழுதாத பரம்பரையா?” என்றார் ஏணியில் கையை ஊன்றிக்கொண்டு. “பல்லு புடுங்கற பரம்பரை, பூட்டு ரிப்பேர் பரம்பரை, எல்லாம் எழுதியிருக்கேன். போன மாசம் தொழில் ஆரம்பிச்ச ஒருத்தர் ‘நாலு தலைமுறை’ன்னு எழுதச் சொன்னார். என்னங்க இதுன்னு கேட்டா, இனிமே வரப்போறதையும் சேர்த்துக் கணக்கு போட்டேங்கறார்.”

“எங்கப்பா மட்டும் என்னவாம்?” என்றார் மாமனார். “நான் கடைக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகல. ஒருத்தரா இருந்தது ரெண்டு பேர் ஆயிட்டோம்னு உடனே பரம்பரைன்னு எழுதிட்டார்.”

“அப்ப யாருக்கு எழுதறது, நீங்க சொல்லுங்க” என்று எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். ஒரு பக்கம் பெற்ற பிள்ளை, இன்னொரு பக்கம் கடையைத் தூக்கி நிறுத்திய மருமகள். மாமனார் முழங்காலைத் தடவிக்கொண்டார். கஷ்டமான கேள்வி வந்தால் அவருக்கு முழங்கால் வலிக்கும்.

இந்த இடத்தில் ஒரு குடும்ப ரகசியத்தைச் சொல்லியாக வேண்டும். ரகசியம் என்றால், ஊருக்கே தெரிந்த ரகசியம். அந்தக் கடையின் சோபா முதல் நாளிலிருந்தே லேசாக இடது பக்கம் சாயும், வருஷம் போகப் போக அது கூடும். விழுகிற அளவுக்கு இல்லை. மூன்று பேர் உட்கார்ந்தால் பேச்சு முடிவதற்குள் மூவரும் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருப்பார்கள், அவ்வளவுதான். கல்யாணமான புதிதில் வாங்கியவர்கள் யாரும் குறை சொன்னதில்லை. மற்றவர்கள் கேட்டால் மாமனார் மார்பை நிமிர்த்திக்கொண்டு, “அது எங்க கையெழுத்துங்க. போலி சோபா நேரா நிக்கும்” என்பார்.

காரணம் பெரிய வித்தை ஒன்றுமில்லை. இருக்கைக்குள் வரிசை வரிசையாக ஸ்பிரிங் நிற்கும். அவை ஆளுக்கொரு திசையில் துள்ளாமல் இருக்க, கயிற்றால் அழுத்தி ஒன்றோடொன்று கட்ட வேண்டும். அந்த வீட்டில் எப்போதும் இடது ஓரத்திலிருந்துதான் கட்ட ஆரம்பிப்பார்கள். ஆரம்பத்தில் கை தெம்பாக இருக்கும், இடது வரிசை நன்றாக இறுகிவிடும். போகப் போகக் கை சளைக்கும், வலது வரிசை கொஞ்சம் எம்பி நிற்கும். தாத்தா அப்படிக் கட்டினார், மாமனார் அப்படிக் கட்டினார். அண்ணியும் கொஞ்ச நாள் அப்படித்தான் கட்டினாள். பிறகு ஒருநாள் நடுவிலிருந்து ஆரம்பித்து, வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றிக் கட்டிப் பார்த்தாள். இருக்கை தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரி மட்டமாக நின்றது. மாமனார் பெஞ்சை விட்டு எழுந்த பிறகு அவள் கட்டியதெல்லாம் நடுவிலிருந்துதான். அவரிடம் சொல்லவில்லை. ஊரெல்லாம் கையெழுத்து என்று சொல்லிக்கொண்டு திரிகிற மனிதரிடம், உங்கள் கையெழுத்தில் பிழை என்று மருமகள் எந்த வாயால் சொல்வது?

மாமனாரின் முழங்காலைக் காப்பாற்றியது பக்கத்துத் தெருப் பாட்டு டீச்சர். அவர் வீட்டில் இந்தக் கடைத் தாத்தா செய்த நாற்காலிகள் இரண்டு இருந்தன. ஒன்றில் டீச்சரும் ஒன்றில் பாட்டுப் படிக்க வருகிறவர்களும் உட்கார்ந்து உட்கார்ந்து, இரண்டும் அடிமட்டத்துக்குப் போய்விட்டன. வீட்டுக்காரர் அவற்றை வண்டியில் ஏற்றி வந்து கடை நடுவே இறக்கினார். மாமனார் இரண்டு நாற்காலியையும் பார்த்தார், இரண்டு ஆட்களையும் பார்த்தார். வலி உடனே நின்றுவிட்டது.

“ரெண்டும் எங்கப்பா கையால செஞ்சது. ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்குங்க. ஸ்பிரிங் கட்டுங்க, மேல சும்மா ஒரு துணியைப் போடுங்க. நான் கண்ணை மூடிக்கிட்டு உட்கார்ந்து பார்ப்பேன். எது நம்ம வேலையோ, அதைக் கட்டினவங்களுக்கு வார்த்தை.”

ஷோரூம் உடனே சட்டைக் கையை மடித்தான். அவன் பயப்படாதது அண்ணிக்கு வியப்பாக இருந்தது. உண்மையில் அவனுக்கு வேலை தெரிந்திருந்தது, சின்ன வயதில் அப்பாவிடம் கற்றது. எத்தனையோ வருஷமாகத் தொடவில்லை என்றாலும், கயிறு கைக்கு வந்ததும் விரல்கள் தாமாகவே இடது ஓரத்துக்குப் போயின. முடிச்சு விழுந்தது, இழுத்தான், அடுத்த முடிச்சு விழுந்தது. நெற்றி வியர்த்தது, நாக்கில் ஓர் ஆணி குத்தியது, அண்ணி மாதிரி ஆணியோடு பேசப்போய் ஒன்றை விழுங்கவும் பார்த்தான். அண்ணி ஓடிப்போய் முதுகில் ஓங்கி அறைந்தாள். ஆணி தெறித்து வெளியே விழுந்தது.

“எதிரியைக் காப்பாத்திட்டீங்களே அண்ணி” என்றான் கண்ணில் நீரோடு.

“நீங்க செத்தா உங்கண்ணன் என்னைத்தான் திட்டுவார்” என்றாள் அண்ணி. கொஞ்ச நேரம் இருவரும் சிரித்தார்கள். அவனை வெறுக்க அவளால் முடியவில்லை. அதுவும் ஒரு தொல்லையாகத்தான் இருந்தது.

பிறகு அவள் தன் நாற்காலிக்கு வந்தாள். கயிற்றை எடுத்தாள். எங்கே ஆரம்பிப்பது என்ற கேள்வி அப்போதுதான் முழுசாக உறைத்தது. இடது ஓரத்தில் ஆரம்பித்தால் போதும். மாமனார் உட்கார்ந்ததும் உடம்பு லேசாக இடது பக்கம் இழுக்கும், அவருக்கு முகம் மலரும். அவள் கை கொழுந்தன் கையைவிடச் சுத்தம், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. வார்த்தை அவளுடையதாகிவிடும். நடுவில் ஆரம்பித்தால் நாற்காலி நேராக நிற்கும். ‘இது நம்ம வேலையில்ல’ என்று அவர் வாயாலேயே சொல்வார்.

அவள் இடது ஓரத்தில் முதல் முடிச்சைப் போட்டாள். இழுத்தாள். பாட்டு டீச்சர் பாவம், இந்த வயதில் இன்னும் எத்தனை வருஷம் ஒரு பக்கமாகச் சரிந்து உட்கார்ந்து பாட்டுச் சொல்லிக்கொடுப்பார் என்று நினைத்தாள். வேண்டுமென்றே கோணலாகக் கட்டி அதற்கு மேல் துணி போட்டு மூடி, அதற்குப் பரிசாக ஒரு வார்த்தை. கையே கூசியது. முடிச்சை அவிழ்த்தாள். நடுவுக்குப் போனாள்.

கட்டி முடித்ததும் துணி போட்டு மூடினார்கள். நாற்காலிகளை வீட்டுக்காரர் இடம் மாற்றி வைத்தார். அந்த விவகாரத்தில் அவர் செய்த ஒரே வேலை அதுதான், அதையும் ஒழுங்காகச் செய்தார். பெயிண்டர் தூரிகையைத் துடைத்தபடி வேடிக்கை பார்க்க வந்து நின்றார்.

மாமனார் கண்ணை மூடிக்கொண்டு முதல் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த உடனே அவர் உடம்பு தன் வீட்டுக்கு வந்ததுபோல இடது பக்கம் அடங்கியது.

“இது நம்மது. சந்தேகமே இல்ல. எங்கப்பா மடியில உட்கார்ந்த மாதிரி இருக்கு.”

ஷோரூமின் முகம் பூரித்தது. அண்ணி சுவரில் சாய்ந்துகொண்டாள்.

மாமனார் இரண்டாவதில் உட்கார்ந்தார். எழுந்து, மறுபடி உட்கார்ந்தார். வலது பக்கம் நகர்ந்து பார்த்தார், இடது பக்கம் நகர்ந்து பார்த்தார். பிறகு கண்ணைத் திறந்து, கீழே இறங்கி, அந்த முழங்காலோடு தரையில் மண்டியிட்டு, துணிக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார்.

“எங்கேம்மா ஆரம்பிச்சே?”

“நடுவுல, மாமா.”

“எத்தனை நாளா இப்படி?”

“நீங்க பெஞ்சை விட்டு எழுந்ததுலேர்ந்து.”

சொல்லிவிடுவதென்று அண்ணி முடிவெடுத்தாள். தோற்ற பிறகு மறைக்க என்ன இருக்கிறது?

“எனக்கு அந்த வார்த்தை வேணும் மாமா. ரொம்பவே வேணும். நான் இந்த வீட்டு ஆளுன்னு வெளியில எழுதியிருக்கறது அது ஒண்ணுதான். ஆனா கோணலாக் கட்டி அதை வாங்க மனசு வரல. தம்பியே எடுத்துக்கட்டும்.”

மாமனார் தரையிலிருந்து எழவில்லை. இருக்கையின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று வீட்டுக்காரர் பதறிக்கொண்டு வந்தார். அவர் சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணிலும் நீர் இருந்தது.

“கையெழுத்து, கையெழுத்துன்னு ஊரை ஏமாத்தினேன் பாருங்க” என்றார். “மானத்தைக் காப்பாத்த வேற என்ன சொல்றது? எங்கப்பாவுக்கு இந்தக் கோணல் தெரியும்டா. ஒவ்வொரு சோபாவும் முடிஞ்சதும், கூட்டம் போன பிறகு தனியா உட்கார்ந்து பார்ப்பார். எழுந்து தன்னைத்தானே திட்டிக்குவார். சோபாவோட வலது காலை இழைச்சுப் பார்த்தார், இடது பக்கம் பஞ்சு கூட வெச்சுப் பார்த்தார். ஒண்ணும் நடக்கல. படுக்கையில கிடக்கும்போதுகூட, ‘அடுத்தது நேரா வந்துரும்டா’ன்னார். நானும் மாடா உழைச்சேன், ஆப்பு வெச்சேன், ஸ்பிரிங்கை மாத்தினேன். காலு, பஞ்சு, ஸ்பிரிங்கு எல்லாத்தையும் சந்தேகப்பட்டோம். எங்க ஆரம்பிக்கறோம்னு ஒருத்தனும் பார்க்கல.”

ஷோரூம் மெல்ல வந்து அண்ணியின் நாற்காலியில் உட்கார்ந்தான். விற்பனைக்காரன் அவன், வாழ்க்கையில் எத்தனை இருக்கையில் உட்கார்ந்து எழுந்திருப்பான். நிமிர்ந்து, சாய்ந்து, அசைந்து பார்த்தான். பிறகு தான் கட்டியதில் போய் உட்கார்ந்தான். எழுந்து மறுபடி அவளுடையதற்கே வந்தான்.

“ஷோரூம்ல இருக்கற எதுவும் இப்படி இல்ல அண்ணி” என்றான் மெதுவாக. அப்பாவைப் பார்த்தான். “நான் கட்டினதுதான் நம்ம வேலைன்னு நீங்களே சொன்னீங்க. எனக்கு வந்தது என்ன, அந்தக் கோணலா?”

“கோணலும் வந்திருக்கு, என் வழுக்கையும் வந்திருக்கு” என்றார் மாமனார். “ரத்தத்துல அவ்வளவுதான்டா வரும். எங்கப்பா நேரா ஒண்ணு செஞ்சு பார்க்கணும்னு தவிச்ச தவிப்பு, அது உனக்கும் வரல, உங்கண்ணனுக்கும் வரல. பஸ் கண்டக்டர் வீட்டுலேர்ந்து வந்தவளுக்கு வந்திருக்கு. எப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது.”

அண்ணி ஆணிகளைத் தேடினாள். பேச்சு வராத நேரத்தில் வாயில் எதையாவது போட்டுக்கொள்ளலாமே என்று. ஆணி டப்பா எங்கே போயிற்றோ தெரியவில்லை.

“சிரிச்சேன்லம்மா நான், டிக்கெட்னு இவன் சொன்னப்ப” என்றார் மாமனார், அவளைப் பார்த்து.

“சிரிச்சீங்க மாமா.”

“சிரிச்சிருக்கக் கூடாது.”

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

ஷோரூம் தன் நாற்காலியின் துணியை உருவி, தான் போட்ட முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்க்க ஆரம்பித்தான். “டீச்சருக்கு ஒண்ணு நேராவும் ஒண்ணு கோணலாவும் கொடுக்க முடியாதே. நடுவுல எப்படின்னு நீங்களே கட்டிடுங்க அண்ணி” என்றான். முடிச்சு அவிழ்ந்த நாற்காலியோடும் கயிற்றோடும் அவள் பெஞ்சுப் பக்கம் திரும்பினாள்.

பெஞ்சில் மாமனார் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்காரர் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தார். அவள் எப்போதும் உட்காரும் இடத்தை விட்டுவிட்டு, பக்கத்தில், புதிதாக வேலைக்கு வந்தவர்கள் உட்காரும் ஓரத்தில் ஒதுங்கியிருந்தார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கயிற்றின் ஒரு முனைக்குக் கையை நீட்டினார்.

“முதல் முடிச்சு நடுவுல. அடுத்தது எந்தப் பக்கம் போகணும்?”

“வலது பக்கம், மாமா. அப்புறம் அதே இறுக்கத்துல இடது பக்கம்.”

“மெதுவாப் போடு. என் கண்ணுக்குப் பிடிபட நேரமாகும்.”

அவள் மெதுவாகப் போட்டாள். அவர் குனிந்து பார்த்தார், தன் முனையை இழுத்தார். இறுக்கம் கூடிப்போயிற்று என்று அவள் சொன்னதும் தளர்த்தி மறுபடி இழுத்தார். வாசலில் ஏணியின் மேல் நின்றிருந்த பெயிண்டர் உள்ளே குனிந்து, கடைசியில் என்னதான் எழுதுவது என்று கேட்டார். பதில் வரவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கேட்டார்.

மாமனார் கயிற்றிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “இந்தக் கடைக்குத்தான்யா பரம்பரைன்னு எழுதணும், எழுது. சும்மா சும்மா கூப்பிடாதே. நான் வேலை கத்துக்கிட்டிருக்கேன்.”